தபால் கட்டு வந்துவிட்டதா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளை நான்கைந்து ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை.

சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். 1986இல் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தேன். இப்போது ஓசூரில் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நண்பன் ஒருவன் அலைந்து திரிந்து எங்கள் வகுப்பில் படித்தவர்களைத் தேடிப் பிடித்து வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினான். இன்று 41 பேர் இருக்கிறோம். முதல் ஆறு மாதம் திருவிழாதான். மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு, கணக்கு வாத்தியாரின் புளியம் விளார், கொடுக்காப்புளிக்காக ஏறிக் குதித்த சுவர், 1984இல் சத்துணவு எங்கள் வகுப்புக்கும் வந்தபோது அலுமினியத் தட்டில் ஆணியால் பெயர் கீறிக்கொண்டது என்று பேசித் தீரவில்லை.

இப்போது பேச்சே மாறிவிட்டது. ஒருவனுடைய அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. இன்னொருவனின் அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். தண்ணீர் மெத்தை எங்கே கிடைக்கும், இரவில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். வாரம் ஒரு கண்ணீர் அஞ்சலி வருகிறது. 'பழைய கதை பேசத்தான் வந்தோம், மனம் கனக்கிறது' என்று சொல்லி நான்கு பேர் வெளியேறிவிட்டார்கள்.

என் அப்பாவுக்கு 84 வயது. தபால்காரராக இருந்து 2001இல் ஓய்வுபெற்றவர். அம்மா காலமான பிறகு எங்களோடு இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக மறதி. தினமும் காலை எட்டரை மணிக்கு வாசல் பக்கம் வந்து, "தபால் கட்டு வந்துவிட்டதா?" என்று கேட்கிறார். "நீங்கள் ரிட்டையர் ஆகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது அப்பா" என்று சொல்வேன். முகம் சுருங்கிப் போய்விடும். மறுநாளும் அதே கேள்வி. என் பெயரைக்கூடச் சில நாட்கள் தவறாகச் சொல்கிறார்.

போன வாரம் இரவு குழுவில் ஐஸ் வண்டிக்காரரைப் பற்றி உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுதி முடித்துத்தான் போனேன். அதற்குள் இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டு நின்றிருந்தார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. பள்ளி நினைவுகளைப் பேசுவது பக்கத்து அறையில் இருக்கும் பெற்றோரிடமிருந்து ஓடி ஒளிவதுதானா?

அன்புடன்,
ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். ஆம், ஓரளவுக்கு அது ஓடி ஒளிவதுதான். நானும் ஒளிந்திருக்கிறேன். நாம் பேசிக் களிக்கும் அந்தப் பழைய நாட்களில் யாரையும் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை, யாருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அம்மா அடுப்படியில் இருக்கிறாள், அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நாள் முழுக்க நோயாளியோடு இருப்பவனுக்கு அரை மணி நேரம் அங்கே போய்வரத் தோன்றுவது இயற்கை. அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். இருட்டில் அவர் நின்றதற்கு மருந்து, கூடத்திலிருந்து குளியலறை வரை இரவு முழுக்க எரியும் ஒரு சிறிய விளக்கு. அதை இன்றே செய்துவிடுங்கள்.

ஆனால் பள்ளி நினைவு ஒரு பக்கம், பெற்றோரின் முதுமை இன்னொரு பக்கம் என்று நீங்கள் பிரித்து வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவை ஒரே கதை என்பது எனக்கே போன ஆண்டுதான் புரிந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம். அப்பா பம்பாயில் மாட்டுங்காவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்தார். மாதம் ஒரு மணியார்டர் வரும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர் மைப்பெட்டியைத் திறந்து, அம்மாவின் இடது கட்டைவிரலைப் பிடித்துப் படிவத்தில் உருட்டி எடுப்பார். கைநாட்டு என்றால் சாட்சிக் கையெழுத்து வேண்டும். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரரைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு பணம் வந்தது என்பது பத்து நிமிடத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும். மறுநாளே யாராவது கைமாற்று கேட்டு வருவார்கள். அம்மா கை கழுவும்போது அந்த விரலை மட்டும் சாம்பல் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். மை போவதற்காகத் தேய்க்கிறாள் என்று மட்டும்தான் அன்று எனக்குத் தெரிந்தது.

நான் 1987இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வெளியூர் போய்விட்டேன். 1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட காலம் அது. மறு ஆண்டே புதுக்கோட்டையை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்தார்கள். இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்து செய்தித்தாளில் படித்தேன். என் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

அப்பா காலமானபோது அவருடைய இரும்புப் பெட்டியில் ஒரு கட்டு மணியார்டர் ஒப்புகைச் சீட்டுகள் இருந்தன. பணம் பெற்றவர் கையொப்பமிட்டதும் அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும் துண்டு அது. நூல் கட்டி அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் நீலக் கறையாக அம்மாவின் கட்டைவிரல். கடைசிச் சீட்டில் மட்டும் விரல் இல்லை, எழுத்து. கோடு தாண்டிக் கீழே இறங்கும் பெரிய எழுத்துகள். 'அம்மாள்' என்பதன் கடைசி ள்-க்குப் புள்ளி இல்லை. அந்த ஒரு சீட்டைத் தனியே ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். அம்மாவிடம் கேட்டேன். "ஆமாம், அப்போது கற்றுக்கொண்டேன்" என்றதோடு சரி.

போன ஆண்டு எங்கள் பள்ளி நண்பர்களிடம் இதைத் தற்செயலாகச் சொன்னேன். எட்டாம் வகுப்பிலிருந்து எங்களோடு படித்த ஒரு தோழி, அதிகம் பேசாதவர், அன்று இரவு எனக்குத் தொலைபேசியில் பேசினார். "உன் அம்மாவுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். உனக்குத் தெரியாதா?" என்றார். அவர் அறிவொளித் தொண்டராக இருந்திருக்கிறார். மாட்டுக் கொட்டகை முன்பு அரிக்கேன் விளக்கில் பதினொரு பெண்களுக்குப் பாடம். அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாளாம்: "அ, ஆ எல்லாம் பிறகு பார்க்கலாம். என் பெயரை மட்டும் மணியார்டர் வருவதற்குள் கற்றுக்கொடுத்துவிடு." பதினெட்டு நாள். தபால்காரர் மைப்பெட்டியைத் திறந்ததும், "பேனா கொடுங்கள்" என்று கேட்டாளாம். எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போல வந்து நின்றிருக்கிறார். "இனிமேல் நீங்கள் சிரமப்பட வேண்டாம் அண்ணாச்சி" என்று சொன்னாளாம். புள்ளி வைக்க மறந்தது அந்த அவசரத்தில்தான்.

என் அம்மாவுக்கு நாற்பத்து மூன்று வயதில் நடந்த ஒன்றை எனக்குச் சொல்ல, இத்தனை ஆண்டுகள் கழித்து என் வகுப்புத் தோழி வரவேண்டியிருந்தது. நம் மனைவி மக்களுக்கு நம் பெற்றோரை இளமையில் தெரியாது. என் மகளுக்கு அவள் பாட்டி பிறந்ததிலிருந்தே பாட்டி. உங்கள் அப்பா நாற்பது வயதில் எப்படி சைக்கிள் மிதித்தார், எந்த வீட்டுத் திண்ணையில் தண்ணீர் குடித்தார் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள், உடன்பிறந்தவர்களை விட்டால், உங்களோடு படித்தவர்கள்தான். அதிலும் உங்கள் அப்பா தபால்காரர்! அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் வீட்டு வாசலில் அவர் மணியடித்திருப்பார்! பட்டாளத்திலிருந்து வந்த கடிதத்தைத் தாய்க்குப் படித்துக் காட்டியிருப்பார், தந்தி கொண்டுவந்த வீட்டில் சாவுச் செய்தியைத் தானே சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றிருப்பார். உங்கள் அப்பாவிடமிருந்து கழன்று போய்க்கொண்டிருக்கும் வாழ்க்கையில் ஒரு பங்கு அவர்களிடம் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

காலை எட்டரை மணிக் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஆய்வுக்கு அதிகாரி வரும் நாள் நினைவிருக்கிறதா? பதினாறாம் வாய்பாடு தெரிந்திருந்தும், 'நீ எழுந்திரு' என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று நாம் நம் பெற்றோரை அப்படித்தான் எழுப்பி நிறுத்துகிறோம். 'இது யார் சொல்லுங்கள்?' 'இன்று என்ன கிழமை?' 'என்னைத் தெரிகிறதா?' வீட்டுக்கு வருகிற உறவினர்கள் ஒவ்வொருவரும் ஒரு தேர்வு வைத்துவிட்டுப் போகிறார்கள். தோற்றுப்போனவரின் முகம் நீங்கள் எழுதியதுபோலத்தான் சுருங்கும்.

நேற்று நடந்தது முதலில் போகும், நெடுநாள் பழகியது கடைசி வரை நிற்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881இலேயே எழுதினார். உங்கள் அப்பா ஓய்வுபெற்றதை மறந்துவிட்டார், தெருக்களை மறந்திருக்க மாட்டார். நாளைக் காலை திருத்தாதீர்கள். "இன்றைக்கு எந்தத் தெருவிலிருந்து தொடங்குவீர்கள் அப்பா?" என்று கேட்டுப் பாருங்கள்.

மருத்துவரிடம் ஒருமுறையாவது முறையாகக் காட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி இல்லை. தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் தலைக்குள் மெல்லக் கசிந்த இரத்தம் ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. 'வயதானால் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். முதியோர் மருத்துவத்துக்கென்று சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே தனிப்பிரிவு தொடங்கிவிட்டார்கள். 2024இல் கிண்டியில் முதியோருக்கென்றே ஒரு தேசிய மருத்துவ மையமும் திறந்தாயிற்று. 14567 என்ற எண்ணில் முதியோருக்கான இலவச உதவி கிடைக்கும், உங்கள் நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்று. அப்பாவைக் காலையில் குளிக்க வைப்பது யார், சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது யார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்களாக இருந்தால் மகிழ்ச்சி. உங்கள் மனைவியாக இருந்தால், உங்களுக்கு ஒளிந்துகொள்ளவாவது 41 பேர் இருக்கிறார்கள், அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவரோடு படித்தவர்களைத் தேடிக்கொடுங்கள். பெண்கள் பெயர் மாறி, ஊர் மாறிப் போய்விடுவதால் கண்டுபிடிப்பது கடினம். எங்கள் தோழியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அவர் கிடைக்காமல் போயிருந்தால் என் கையில் அந்தச் சீட்டு வெறும் காகிதமாகவே இருந்திருக்கும்.

வெளியேறிய நால்வர் மீது வருத்தம் வேண்டாம். அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ. ஒருவேளை எல்லாரையும் விட அதிகமாகச் சுமப்பவர்களாகக்கூட இருக்கலாம். ஒரு நாள் நீங்களே தனியாக அழைத்துப் பேசுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் நண்பர்களிடம், 'என் அப்பா உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த ஏதாவது ஒரு தபாலைப் பற்றி அவருக்கே எழுதுங்கள்' என்று கேளுங்கள். கைபேசியில் வேண்டாம். அஞ்சலட்டை இன்றும் ஐம்பது பைசாதான். பெரிய எழுத்தில், நாலே வரி, அவர் பெயருக்கு, பின்கோடு போட்டு எழுதட்டும். ஒரே நாளில் எல்லாரும் அனுப்பாமல் முறை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வருகிற அட்டைகளை ஒரு நூலில் கட்டி வையுங்கள். எட்டரை மணிக்கு அவர் வாசல் பக்கம் வந்து கேட்கும்போது, "வந்துவிட்டது அப்பா" என்று உண்மையாகவே சொல்லி அவர் கையில் கொடுக்கலாம்.

உங்கள் முகவரியை அனுப்புங்கள். முதல் அட்டை என்னுடையதாக இருக்கட்டும். அம்மாவுக்கு இப்போது எழுபத்தேழு வயது, கை நடுங்குகிறது. ஆனாலும் கையெழுத்து என்றால் பேனாவைத்தான் கேட்பாள். அவளையும் அதில் கையெழுத்துப் போடச் சொல்கிறேன்.

அன்புடன்.