தாமிரபரணித் தண்ணீரை பேட்டரிக்கு ஊற்றலாமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர்: வண்ணார்பேட்டையில் 31 ஆண்டுகளாக பேட்டரிப் பட்டறை நடத்துபவர்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், கேஸ் அடுப்பு, மின்விசிறி எல்லாம் வைத்து வீடு போல மாற்றியிருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் 150 ஆம்பியர்-மணி (Ah) டியூபுலர் பேட்டரிகள் இரண்டு. நானும் மனைவியும் மாதம் ஒருமுறை கூந்தன்குளம், உவரி, மணிமுத்தாறு என்று கிளம்பிவிடுவோம். மற்ற நாட்களில் வேன் வாசலில் சார்ஜரோடு இணைத்தபடியே நிற்கும். மாசியில் தண்ணீர் ஊற்றினேன். சித்திரையில் பார்த்தால் மிதவைகள் எல்லாம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டன. ஆற்றுத் தண்ணீர் ஊற்றலாமா? வீட்டில் ஆர்.ஓ. இயந்திரமும் இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: ஆசிரியர் ஐயா, இரண்டும் வேண்டாம். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவன் நான். நம் அல்வாவுக்கு ருசியே அந்தத் தண்ணீர்தான் என்று ஊரே சொல்கிறது. ஆனால் அதில் கரைந்திருக்கும் உப்பும் இரும்பும், குழாயில் வரும்போது சேரும் குளோரினும் ஈயத் தட்டுகளுக்கு ஆகாது. தண்ணீர் மட்டும் வெளியேற, உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஊற்ற ஊற்ற அது சேர்ந்துகொண்டே போகும். கொதிக்கவைத்து ஆற்றினாலும் உப்பு போகாது. ஆர்.ஓ. நீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். ருசிக்காக உப்பைத் திரும்பக் கலக்கிற இயந்திரங்களும் உண்டு. மூடி முத்திரையோடு விற்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்குங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. ஒரே வேனுக்குள் அடுப்பு, பேட்டரி, பேட்டரியின் மேல் நீங்கள் இருவரும் படுக்கும் கட்டில். சார்ஜ் முற்றும் நேரத்தில் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. நான் தொழில் பழகிய பட்டறையில், மின்சாரம் போன ஒரு இரவில், தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டு குனிந்தான் உடன் வேலை செய்த பையன். மேல்பாகம் வெடித்து ஆசிட் முகத்தில் அடித்தது. குழாயடியில் உட்காரவைத்து, கால் மணி நேரத்துக்கும் மேல் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம், பிறகுதான் ஆஸ்பத்திரி. பார்வை தப்பியது. அன்றுமுதல் கண்ணாடி அணியாமல் நான் எந்த மூடியையும் திறப்பதில்லை. ஹைட்ரஜன் மேலே ஏறும் வாயு. எனவே பேட்டரிகளை மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் உச்சியிலிருந்து வேனுக்கு வெளியே ஒரு குழாய் விடுங்கள். கீழே காற்று நுழைய ஒரு துளை இருக்கட்டும். அடுத்த பயணத்துக்கு முன் இதை முடித்துவிடுங்கள், ஐயா.

இனி, தண்ணீர் எங்கே போயிற்று? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வேன் எந்நேரமும் சார்ஜரில் இருக்கிறது என்று. நிறைந்த பேட்டரிக்குள் ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் வீணாகப் புகுந்தால், அதிலுள்ள ஆறு அறைகளில் ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு மில்லி தண்ணீர் வாயுவாகிவிடும். கேட்க அற்பமாகத்தான் தோன்றும். அதுவே இரவும் பகலும் நடந்தால் ஒரு நாளில் அறைக்கு 8 மில்லி, 30 நாளில் 240 மில்லி. ஆறு அறைக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டரைத் தொடுகிறது. பாளையங்கோட்டையின் சித்திரை வெயில் இதற்குத் துணை. சூடு ஏற ஏற, சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.03 வோல்ட். 25 டிகிரியில் 14.4 வோல்ட் என்றால், 40 டிகிரியில் 14 வோல்ட் அளவே போதும். வெப்ப உணரி உள்ள சார்ஜர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். அது இல்லையென்றால் வேன் நிற்கும் நாட்களில் இணைப்பை எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்தால் போதும்.

ஊற்றும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் திரவம் விரியும். முதலிலேயே பச்சைக் கோடுவரை நிரப்பினால் பின்னர் பொங்கி வழியும். வழிவது வெறும் தண்ணீர் இல்லை, ஆசிட். முழு சார்ஜுக்குப் பிறகே நிரப்புங்கள். தட்டுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முன்கூட்டி ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள். காற்றுப்பட்டுக் காய்ந்த தட்டு பழைய பலத்துக்குத் திரும்பாது. வேன் மலைப்பாதை வளைவுகளில் சாயும் என்பதால், உச்சக் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துவது நல்லது. சிந்தினால் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றித் துடையுங்கள்.

கேள்வி: தண்ணீர் குறையும்போது ஆசிட் ஊற்றினால் பேட்டரிக்கு பலம் கூடும் என்கிறார் என் வீட்டுக்காரர். சரியா?
– இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை, அம்மா. வெளியேறியது தண்ணீர். ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. மேலும் ஊற்றினால் தட்டுகள் அரித்துப்போகும். பேட்டரி கவிழ்ந்து கொட்டியிருந்தால் மட்டுமே ஆசிட் பேச்சு, அதுவும் பட்டறையில்.

கேள்வி: ஆறு அறைகளில் ஒன்று மட்டும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது. ஏன்?
– வேன் உரிமையாளர், வள்ளியூர்

பதில்: எல்லா அறையும் ஒரே அளவில் குடித்தால் சார்ஜரைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் குடித்தால் கோளாறு அந்த அறையில்தான். முதலில் அடிப்பாகத்தில் கீறல் இருக்கிறதா, ஈரம் கசிகிறதா என்று தடவிப் பாருங்கள், ரப்பர் கையுறையோடு. கசிவு இல்லையென்றால் முழு சார்ஜுக்குப் பிறகு, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்து ஆறு அறைகளையும் அளந்து எழுதுங்கள். டியூபுலர் பேட்டரியில் 1.240 அளவில் இருப்பது நல்ல அறை. ஐந்து அறைகள் அங்கே நின்று, ஒன்று மட்டும் 1.180 காட்டினால், அது உள்ளுக்குள் ஷார்ட் ஆகத் தொடங்கியிருக்கலாம். எந்த அறைக்கு எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். பட்டறைக்கு வரும்போது பேட்டரியோடு அந்த நோட்டையும் கொண்டுவந்தால், மூடியைத் திறப்பதற்கு முன்பே பாதி நோய் எனக்குத் தெரிந்துவிடும்.