விதை முளைக்கும் என்று முதலில் யாருக்குத் தெரிந்தது?

திருப்பத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்கு 'வேட்டையிலிருந்து வேளாண்மைக்கு' என்ற தலைப்பை எடுத்திருக்கிறாள். தின்று துப்பிய விதை முளைத்ததைப் பார்த்து மனிதன் விவசாயத்தைக் கண்டுபிடித்தான் என்று எழுதி, பக்கத்தில் தெர்மாகோல் குடிசை வைக்கலாம் என்றிருக்கிறோம். இது சரிதானா? வேறு ஏதாவது செய்து காட்ட முடியுமா?"

குடிசையை விட்டுவிடுங்கள், அம்மா. அந்த வாசகத்தையும் எடுத்துவிடுங்கள். விதை முளைக்கும் என்பது வேட்டையாடி வாழ்ந்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். வடக்கு ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வள்ளிக்கிழங்கைத் தோண்டும்போது கொடியோடு ஒட்டிய மேல்துண்டை மண்ணிலேயே விட்டு வருவார்கள். அது மறுபடி கிழங்கு வைக்கும். அவர்கள் உழவர்களாக மாறவில்லை. மேற்கு ஆசியாவில், இஸ்ரேலின் கலிலேயக் கடலோரம் ஓஹாலோ என்னுமிடத்தில், 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டுக் கோதுமையையும் காட்டு வாற்கோதுமையையும் சேகரித்து வந்து கல்லில் அரைத்துத் தின்றிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் வேளாண்மை தொடங்கியதோ அதற்குப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் பிறகுதான்.

அப்படியானால் எதைத்தான் வேளாண்மையின் தொடக்கம் என்பது? என்னைக் கேட்டால் கதிரைப் பார்க்கச் சொல்வேன். காட்டுக் கோதுமை முற்றியதும் கதிர் தானாகக் கழன்று மணியை மண்ணில் உதிர்த்துவிடும். அந்தச் செடி பிழைப்பதற்கு அதுதான் வழி. பயிர்க் கோதுமையின் மணியோ நாம் அடித்து உதிர்க்கும்வரை கதிரிலேயே நிற்கும். அகழாய்வில் கிடைக்கும் கரிந்த உமித்துண்டை உருப்பெருக்கியில் வைத்தால் இந்த வேறுபாடு தெரியும். தானாகக் கழன்றதன் அடியில் தழும்பு வழவழப்பாக இருக்கும். அடித்துப் பிரித்ததன் அடி பிய்ந்து சொரசொரப்பாக இருக்கும். ஒரு மனிதக் கூட்டம் உழவர் கூட்டமாக மாறியதை நாங்கள் அந்தத் தழும்பில்தான் படிக்கிறோம்.

இதை உங்கள் மகள் மேசையிலேயே செய்து காட்டலாம். 95 புளியங்கொட்டையும் 5 வெள்ளைக் கொண்டைக்கடலையும் எடுத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை உதிரும் மணி, கடலை உதிராத மணி. அறுவடை என்று சொல்லிப் புளியங்கொட்டையில் பாதியை எடுத்து ஒதுக்க வேண்டும். அவை தரையில் சிந்திப் போனவை. கடலை ஐந்தும் வீட்டுக்கு வந்து சேரும். மிஞ்சியவற்றை அதே விகிதத்தில் நூறாக்கி மறுபடி விதைக்கட்டும். ஐந்தாவது அறுவடை முடிந்து நூறாக்கும்போது கடலை அறுபதைத் தாண்டியிருக்கும். யாரும் வேண்டுமென்று பொறுக்கவில்லை, அறுத்து வந்ததிலிருந்து விதைத்தார்கள், அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தினால் பாதிதான் உண்மை. நிஜத்தில் ஐந்து ஆண்டில் எதுவும் நடந்துவிடவில்லை. சீனாவின் தியான்லுவோஷானில் கிடைத்த நெல்லில், உதிராத வகையின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக உயர ஏறத்தாழ 300 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மேற்கு ஆசியாவின் கோதுமைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். காரணத்தையும் மேசையிலேயே காட்டலாம். ஒதுக்கிய கொட்டைகளை அடுத்த சுற்றில் திரும்பக் கலந்து பாருங்கள், கடலை பெருகவே பெருகாது. சிந்திய மணி அதே நிலத்தில் தானாக முளைத்தால் அதுதான் கதை. கதிரை அறுக்காமல் கூடைக்குள் தட்டி எடுத்தாலும், முற்றுமுன் பச்சையாக அறுத்தாலும் அப்படித்தான். பல தலைமுறைகள் வேட்டையையும் விடாமல், கிழங்கையும் விடாமல், கொஞ்சம் விதைத்தும் வாழ்ந்தன.

இன்னொன்றையும் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்; பாடப்புத்தகங்கள் இதற்குப் போதிய இடம் தருவதில்லை என்பது என் வருத்தம். சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் அபு ஹுரைரா என்ற ஊரை 1972, 1973 ஆண்டுகளில் தோண்டினார்கள். பிறகு அது அணை நீரில் மூழ்கிவிட்டது. அங்கே கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது, முதுகெலும்பும் கெட்டிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை பெண்களுடையவை. மண்டியிட்டு, விரலை ஊன்றி, அம்மி போன்ற கல்லில் நாள்தோறும் மணிக்கணக்கில் தானியம் அரைத்த உடல்கள் அவை. "மனிதன் கண்டுபிடித்தான்" என்று ஒருமையில் எழுதும்போது இந்தப் பெண்கள் காணாமல் போகிறார்கள்.

உங்கள் ஊருக்கு அருகிலேயே பையம்பள்ளி இருக்கிறது. அங்கே புதிய கற்கால மக்கள் வாழ்ந்த இடத்தில் கொள்ளும் பச்சைப்பயறும் கரிந்த நிலையில் கிடைத்திருக்கின்றன. ஆகவே உயிருள்ள காட்சிப்பொருளாகப் பச்சைப்பயற்றையே வையுங்கள். நன்கு கறுத்து முற்றிய நெற்றுகளைத் தட்டில் பரப்பி நண்பகல் வெயிலில் வைத்தால் 'டப்'பென்று வெடிக்கும். தோல் இரண்டும் திருகிச் சுருண்டுகொள்ள, மணி தெறித்து ஓடும். காட்டுச் செடியின் பழைய குணம் இன்னும் கொஞ்சம் அதில் மிச்சமிருக்கிறது. சில புது ரகங்கள் எளிதில் வெடிக்காது. பக்கத்துக் கொல்லையில் நாட்டு ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள். காலையில் பனி ஈரம் இருக்கும்போதே பறித்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் கை பட்டதுமே வெடித்து, நீங்கள் வெறும் தோலோடுதான் திரும்புவீர்கள்.