துபாயில் பின்கோடு கிடையாது

கேள்வி: இளம்பிள்ளையில் தறி வைத்திருக்கிறோம். சாஃப்ட் சில்க் புடவைகளைச் சொந்த வெப்சைட்டில் விற்கிறோம். உள்ளூர் ஆர்டர் நன்றாக வருகிறது. ஆனால் மலேசியா, சிங்கப்பூர், துபாயிலிருந்து வருகிறவர்கள் புடவையை கார்ட்டில் போட்டுவிட்டு, பணம் கட்டும் இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சிலர் வாட்ஸ்அப்பில் வந்து, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்கிறார்கள். டாலரில் விலை போட்டால் சரியாகுமா?

பதில்: டாலர் அப்புறம். வாட்ஸ்அப் வரை தேடி வருகிறார்கள் என்றால் வாங்கும் எண்ணம் இருக்கிறது. உங்கள் படிவம்தான் அவர்களை வெளியே தள்ளுகிறது.

முதலில் ஓடிபியைப் பாருங்கள். செல் நம்பர் போட்டு ஓடிபி வந்தால்தான் அடுத்த பக்கம் என்று வைத்திருந்தால், அங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். சிங்கப்பூர் நம்பர் எட்டு இலக்கம். பத்து இலக்கம் கேட்கும் பெட்டி அதை ஏற்காது. லாகின் இல்லாமல், இமெயில் மட்டும் கொடுத்து வாங்க வழி விடுங்கள். நம்பர் கூரியருக்கு வேண்டும்தான். நாட்டுக் குறியீட்டோடு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முகவரியில் நாட்டைத்தான் முதலில் கேட்க வேண்டும். மற்ற பெட்டிகள் அதற்கேற்ப மாறட்டும். மலேசியாவில் அஞ்சல் குறியீடு 5 இலக்கம். கனடாவில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். அமீரகத்தில் அப்படி ஒன்றே கிடையாது; ஆறு இலக்கம் கட்டாயம் என்றால் துபாய்க்காரர் ஆறு பூஜ்யம் போடுவார், இல்லாவிட்டால் கிளம்பிவிடுவார். சிங்கப்பூருக்கு மாநிலம் இல்லை, வீட்டு எண்ணில் # வரும். பெயரிலும் சிக்கல் உண்டு. மலேசியத் தமிழர் பலரின் அடையாள அட்டையில், பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்) என்று சாய்கோட்டோடு இருக்கும். "செல்லாத எழுத்து" என்று உங்கள் படிவம் சிவப்பில் காட்டினால், தன் சொந்தப் பெயரே தப்பா என்று அவருக்கு எரிச்சல் வராதா? முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரிக்காமல் முழுப்பெயருக்கு ஒரே பெட்டி வையுங்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் யுபிஐ க்யூஆர் முதலில் நிற்கிறதா? இந்திய வங்கியில் என்ஆர்இ, என்ஆர்ஓ எனும் வெளிநாட்டு இந்தியர் கணக்கு வைத்திருப்பவர்களில் சிலருக்கு அது உதவும். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு உதவாது. வெளிநாட்டு முகவரி என்றால் கார்டு மேலே வரட்டும். வெளிநாட்டு கார்டு வசதியைப் பெரும்பாலும் பேமெண்ட் கேட்வேயிடம் (உங்கள் வெப்சைட்டுக்குப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம்) தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண் கேட்பார்கள். ஏற்றுமதிக்கு அது எப்படியும் வேண்டும். டிஜிஎஃப்டி எனும் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் துறைத் தளத்தில் பான் வைத்து எடுத்துவிடலாம், கட்டணம் 500 ரூபாய்.

இனி அந்த "மொத்தம் எவ்வளவு" கேள்வி. கூரியர் கட்டணம் கடைசிப் பக்கத்தில் திடீரென முளைக்கக் கூடாது; புடவைப் பக்கத்திலேயே நாடுவாரியாகச் சொல்லிவிடுங்கள். கட்டணமே அதிகம் என்றால் பெட்டியை அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, நிஜ எடையைவிட அதிகம் வந்தால் அதையே எடையாக எடுப்பது கூரியர்காரர்களின் வழக்கமான கணக்கு. 40, 30, 10 அளவுள்ள கிஃப்ட் பாக்ஸ் என்றால் 2.4 கிலோ. உள்ளே இருக்கும் புடவை முக்கால் கிலோவாக இருந்தாலும் பில் 2.4 கிலோவுக்குத்தான் வரும்.  நீங்கள் மடித்து, தட்டையான கவருக்கு மாறுங்கள்.

வரியையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். சிங்கப்பூரில் ஜிஎஸ்டி பதிவில்லாத வியாபாரி, 400 சிங்கப்பூர் டாலர் வரையிலான பார்சலை விமானத்திலோ தபாலிலோ அனுப்பினால் அங்கே வரி இல்லை. அதற்கு மேல் 9 சதவீதம், வாங்குகிறவர் கட்ட வேண்டும். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த வரிச் சலுகை 2025 ஆகஸ்ட் 29இல் போய்விட்டது. அதனால் அந்த நாட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

டாலர் கேட்டீர்களே: மலேசியாக்காரருக்கு ரிங்கிட்தான் புரியும். ரிங்கிட்டில் காட்டி ரூபாயில் வசூலித்தால், அவருடைய பேங்க் மாற்றுக் கட்டணம் சேர்த்து வேறு தொகை எடுக்கும். காட்டும் பணத்திலேயே வசூலிக்க கேட்வேயில் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ரூபாயிலேயே விட்டு, "தோராயமாக இத்தனை ரிங்கிட்" என்று பக்கத்தில் போடுங்கள்.

எல்லாம் மாற்றியபின், ஜொகூரிலோ பினாங்கிலோ இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை அவர் போனில், அவர் கார்டில் ஒரு புடவை வாங்கச் சொல்லுங்கள். வீடியோ காலில் திரையைப் பாருங்கள், வாய் திறக்காதீர்கள். அப்புறம் அந்தப் பணத்தை ரீஃபண்ட் செய்யுங்கள். போய்ச் சேர எத்தனை நாள் ஆகிறது, எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.