தாய் அல்ல, கிட்டார்காரர்

அன்புள்ள சார்,

ராக் இசை பிறந்த கதையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சக் பெர்ரி, எல்விஸ், லிட்டில் ரிச்சர்ட் எல்லாரும் இருந்தார்கள், ஒரு பெண்ணின் பெயரைக்கூடக் காணோம். சென்ற வாரம் என் மகள் ஒரு வீடியோ காட்டினாள். மழை பெய்து ஓய்ந்த ரயில் நிலையத்தில் கோட்டு போட்ட ஒரு அம்மா எலெக்ட்ரிக் கிட்டாரை வெளுத்து வாங்குகிறார். பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். ‘ராக் அண்ட் ரோலின் தாய்’ என்கிறார்கள். உண்மைதானா, இல்லை இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு தாயைத் தேடிப் பிடிக்கிறார்களா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

விட்டது என் தவறுதான். கதையை 1950களில் தொடங்கினேன். அவர் அதற்கு முன்பே வந்துவிட்டவர்.

1915இல் ஆர்கன்சா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அம்மா கேட்டி பெல் நூபின் மாண்டலின் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னவர். கைதட்டலும் ஆட்டமுமாக ஆராதனை நடக்கும் சபை அது. சின்ன வயதிலேயே கிட்டாரோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடினார் ரொசெட்டா.

1938இல் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் மேடையேறினார். அதே ஆண்டு டெக்கா இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடிய ‘ராக் மீ’, அடிப்படையில் தாமஸ் டார்சி எழுதிய தேவாலயப் பாட்டு. கர்த்தரைப் பாடிய வாயால் குடியும் கூத்துமான இடத்தில் போய்ப் பாடுவதா என்று சபையில் பலருக்குக் கோபம். அவர் இரண்டையும் விடவில்லை. 1944இல் பதிவுசெய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ மறு ஆண்டு பில்போர்டு இசைப் பத்திரிகையின் கறுப்பினப் பாடல் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. சாமி பாட்டுதான். ஆனால் சேமி பிரைஸ் என்பவரின் பியானோவும் இவருடைய மின்சாரக் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்டால் கால் சும்மா இருக்காது. எல்விஸின் முதல் இசைத்தட்டு 1954இல், பெர்ரியின் ‘மேபலீன்’ 1955இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

1947இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் ஒரு பதினான்கு வயதுப் பையன் பாடுவதைக் கேட்டு, தன் நிகழ்ச்சியிலேயே மேடையேற்றிப் பாடவைத்துக் கையில் காசும் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் லிட்டில் ரிச்சர்ட்.

இனி உங்கள் கேள்வி. ‘தாய்’ என்ற பட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. தாய் என்று சொன்ன மாத்திரத்தில் கையில் இருந்த கிட்டார் இறங்கி, இடுப்பில் பிள்ளை ஏறிவிடுகிறது. பெர்ரியையும்தான் தந்தை என்கிறார்கள் என்பீர்கள். சரி, ஆனால் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வரியிலேயே கிட்டார் வந்துவிடும். இவரைப் பற்றிய பேச்சு, யார் யாரை வளர்த்துவிட்டார் என்பதோடு முடிந்துவிடுகிறது. நானே இப்போது அதைத்தானே செய்தேன்!

அவர் யாருக்கும் தெரியாத ஆளாகவும் இருக்கவில்லை. 1951இல் வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியத்தில் தன் மூன்றாவது திருமணத்தையே டிக்கெட் போட்டு நடத்தினார். வந்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். தாலிக்கு டிக்கெட்டா என்று நம் பெரியவர்கள் மயங்கி விழுந்திருப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் மணப்பெண் அதே உடையில் மைதானத்தில் நின்று கிட்டார் வாசித்தார். அப்புறம் சாமி பாட்டல்லாத ப்ளூஸ் பாட்டுகளையும் பதிவுசெய்யப் போக, சபைக்காரர்கள் விலகினார்கள். இளைஞர்களோ எல்விஸ் பக்கம் போய்விட்டார்கள். 1957இல் இங்கிலாந்துதான் அவரைக் கூப்பிட்டது. 1973இல் பிலடெல்பியாவில் இறந்தபோது கல்லறைக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. அது வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986இல் பெர்ரி, எல்விஸ், லிட்டில் ரிச்சர்ட் மூவரையும் முதல் வரிசையிலேயே சேர்த்துக்கொண்டது. இவரைச் சேர்த்தது 2018இல்.

உங்கள் மகள் காட்டியது 1964 மே மாதம், மான்செஸ்டரில், பயணிகள் ரயில் நின்றுபோன வில்பிரகாம் ரோடு நிலையத்தில் கிரானடா தொலைக்காட்சி படமெடுத்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மேடை, எதிர் நடைமேடையில் ரசிகர்கள். அன்று மழை கொட்டியதால், பாட வேண்டிய பாட்டை மாற்றி, நோவா காலத்துப் பெருமழையைப் பாடும் ‘டிட்ன்ட் இட் ரெய்ன்’ஐ எடுத்தார். குதிரை வண்டியில் வந்து இறங்கி, ஹீல்ஸ் செருப்போடு ஈரத்தில் நடந்து வந்து, வெள்ளை கிப்சன் கிட்டாரை மாட்டிக்கொள்கிறார். ஷாக் அடித்துவிடுமோ என்று ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம்.

மகளிடம் இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள். இந்த முறை முகத்தைப் பார்க்க வேண்டாம், பாட்டை நிறுத்திவிட்டு வாசிக்கும் இடத்தில் இடது கையைப் பாருங்கள்.