ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்: பொது மருத்துவரிடம் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரு லேப் ரிப்போர்ட்டில்தான் தொடங்குகின்றன. "இந்த எண் வந்திருக்கிறது, என்ன மாத்திரை போடலாம்?" ஆளுக்கு என்ன செய்கிறது, எத்தனை நாளாகச் செய்கிறது என்பது கடைசி வரியில் வருகிறது; சிலர் அதையும் எழுதவில்லை. எனக்கு அந்தக் கடைசி வரிதான் முதலில் வேண்டும். நேரில் பார்க்காமல் சொல்லக்கூடியதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். பையனுக்கு 6 வயது, 20 கிலோ. நேற்று முன்தினத்திலிருந்து காய்ச்சல். லேபில் வைடால் பார்த்தோம், 1:80 பாசிட்டிவ், டைபாய்டு என்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கலாமா? (ராணிப்பேட்டை)

அவசரப்படாதீர்கள் அம்மா. வைடால் டெஸ்ட் டைபாய்டு கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் அளக்கிறது. அது ரத்தத்தில் ஏற ஒரு வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளில் பாசிட்டிவ் வந்தால், என்றைக்கோ வந்துபோன கிருமியின் மிச்சமாக இருக்கலாம், போட்ட தடுப்பூசியாக இருக்கலாம், வேறு காய்ச்சலாகவும் இருக்கலாம். நம் ஊரில் காய்ச்சலே இல்லாத பலருக்கும் 1:80 வரும். இந்த ஒரு டெஸ்டை வைத்து எத்தனை பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் நாள் கணக்கில் ஊசி போடுகிறார்கள் என்று பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

டைபாய்டு என்று சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட். அதுவும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். நாலு வேளை மருந்து போட்டபிறகு எடுத்தால் கிருமி வளராமல் போய்விடலாம்.

இப்போதைக்குப் பையன் தண்ணீர் குடிக்கிறானா, ஒழுங்காகச் சிறுநீர் போகிறானா, காய்ச்சல் இறங்கும் நேரத்தில் எழுந்து விளையாடுகிறானா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 300 மி.கி.; ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் வேண்டாம். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. 250 என்றால் அவனுக்கு 6 மி.லி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து இவற்றைவிட இரண்டு முதல் நாலு மடங்கு கெட்டி, 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். தம்பி பாப்பாவின் சொட்டு மருந்தை அண்ணனுக்கு ஸ்பூன் கணக்கில் ஊற்றிவிடக் கூடாது.

கேள்வி: என் தங்கைக்கு டெங்கு, என்எஸ்1 பாசிட்டிவ். இன்று ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் பிளேட்லெட் 90,000க்கு வந்துவிட்டது. பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறோம். ரத்தம் ஏற்ற வேண்டுமா? (மதுரை)

90,000க்கு ஏற்ற வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாதவரை 10,000 வரைக்கும்கூடப் பொதுவாகப் பிளேட்லெட் ஏற்றுவதில்லை. எனக்குக் கவலை தரும் வரி வேறு: காய்ச்சல் விட்டுவிட்டது என்கிறீர்களே, அதுதான். டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் ஒன்றிரண்டு நாள்தான். ரத்தக் குழாய்களின் சுவர் இளகி, உள்ளே இருக்கும் நீர் வயிற்றிலும் நெஞ்சிலும் கசியும். ரத்தம் கெட்டியாகும், பி.பி. இறங்கும். இதைக் காட்டிக்கொடுப்பது பிளேட்லெட்டைவிட, அதே ரிப்போர்ட்டில் யாரும் பார்க்காத பி.சி.வி. என்ற வரி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு; ரத்தம் கெட்டியானால் ஏறும்). நேற்று 36 இருந்தது இன்று 44 என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், பிளேட்லெட் எவ்வளவு இருந்தாலும் சரி.

வீட்டில் பார்க்க வேண்டியவை: விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, கூப்பிட்டால் சோர்ந்து கிடப்பது. மாதவிடாய் வந்து போக்கு அதிகமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். இதில் ஒன்று இருந்தாலும் இரவு என்று பார்க்காதீர்கள். புரூஃபென், டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது.

பப்பாளி இலைச் சாற்றால் எண்ணிக்கை கொஞ்சம் ஏறினாலும், அதனால் கசிவு நின்றுவிடும் என்று நம்ப முடியாது. அந்தக் கசப்பில் வாந்தி எடுத்துக் குடித்த கஞ்சியும் வெளியே வந்துவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். இளநீர், மோர், கஞ்சி, உப்புக்கரைசல் கொடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி. டெங்கு, மலேரியா, சிறுநீர் டெஸ்ட் எல்லாம் நார்மல். இரண்டு ஆன்டிபயாட்டிக் மாற்றியும் விடவில்லை. அம்மா களை எடுக்கப் போகிறவர். (ஆரணி பக்கம்)

களை எடுக்கப் போகிறவர் என்று எழுதினீர்களே, மிக்க நன்றி தம்பி. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில், வீட்டுப் பெண்கள் யாராவது அம்மாவின் உடம்பைத் தலை முதல் கால் வரை பார்க்கட்டும். அக்குள், மார்புக்கு அடியில், ஜாக்கெட் இறுக்கும் ஓரம், பாவாடை நாடா கட்டும் இடம், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால். சிகரெட்டால் சுட்ட மாதிரி நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம் இருக்கிறதா? வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. கேட்டால் 'புண் ஒன்றும் இல்லை' என்றுதான் சொல்வார்கள். போன மழைக்காலத்தில் இப்படித்தான் ஒரு அம்மா கைநிறைய ரிப்போர்ட்டோடு வந்தார். இடது மார்பைத் தூக்கிப் பார்த்ததும் அங்கே இருந்தது.

இதற்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். புதர், வரப்புப் புல்லில் இருக்கும் ஒரு வகை உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. மழைக்குப் பிறகும் குளிர் மாதங்களிலும் வட தமிழகத்தில் நிறையப் பார்க்கிறோம். இதன் கிருமி செல்லுக்குள் ஒளிந்து வாழ்வது, அதனால் செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் மாதிரியான மருந்துகள் எத்தனை விலையில் போட்டாலும் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை, இரவு, ஏழு நாள். விலை மலிவு, பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின். வைத்தியம் செய்யாமல் விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்படலாம். மூச்சுத் திணறலோ பிதற்றலோ இருந்தால் வார்டில் சேர்த்து ஊசியாகத்தான் கொடுக்க வேண்டும். கடுமையான நோயில் இந்த இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றைத் தனியாகக் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று 2023இல் இந்தியாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதில் முன்னணியில் இருந்தார்கள்.

பொருக்கு இல்லாவிட்டாலும் இந்த நோய் இல்லை என்று ஆகாது. நாளை காலையே டாக்டரிடம் 'ஸ்க்ரப் டைபஸ் பார்த்தீர்களா' என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஒன்றரை வயது, காலையிலிருந்து ஆறு முறை பேதி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுக்கிறோம். சரிதானா? (கரூர்)

சரியில்லை. பாக்கெட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும். பெரிய பாக்கெட் என்றால் 1 லிட்டர், சின்னது 200 மி.லி. முழுப் பாக்கெட்டையும் அந்த அளவு தண்ணீரில் ஒரே தடவை கலக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் அந்த விகிதத்தில் இருந்தால்தான் குடல் இரண்டையும் சேர்த்து இழுத்து, கூடவே தண்ணீரையும் இழுக்கும். கெட்டியாகக் கலந்தால் ரத்தத்தில் உப்பு ஏறிக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி., ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மருந்து தினம் 20 மி.கி., பேதி நின்றபிறகும் சேர்த்து 14 நாள். பெரியவர்கள் போடும் பேதி நிறுத்தும் மாத்திரை குழந்தைக்குக் கூடவே கூடாது. கண் குழிவிழுந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினால், மலத்தில் ரத்தம் வந்தால், குடிக்கவே மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலராவுக்கு டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து, சொந்தக்காரர்கள் கையாலேயே ஊட்டச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 'வெறும் உப்புத் தண்ணீர்தானே, டிரிப்ஸ் போடுங்க டாக்டர்' என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: வயது 52, சுகர் உண்டு. மாடி ஏறினால் நெஞ்சில் கேஸ் அடைக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. தினம் இஞ்சிச் சாறு குடிக்கிறேன். (திருப்பூர்)

ஐயா, மாடி ஏறினால் வந்து உட்கார்ந்தால் போவது கேஸ் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இதய ரத்தக் குழாய் அடைப்பு இப்படித்தான் பேசும். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. நார்மல் என்றாலும் அதோடு விட்டுவிடாதீர்கள்.

உட்கார்ந்தும் வலி விடாமல் கால் மணி நேரம் நீடித்தால், வியர்த்தால், தாடைக்கோ கைக்கோ பரவினால் 108ஐ அழையுங்கள். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். வண்டியை நீங்களே ஓட்டிப் போக வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். 2023 முதல் நடக்கிறது.

கேள்வி: மனைவிக்கு 43 வயது. எச்பிஏ1சி 6.8, சுகர் என்று மாத்திரை கொடுத்துவிட்டார்கள். வெறும் வயிற்றில் 94தான். ஹீமோகுளோபின் 8.2. குழப்பமாக இருக்கிறது. (தஞ்சாவூர்)

குழம்பியது நல்லது. எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், அது சரி. ஆனால் அந்த டெஸ்ட் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைவில் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும். வெறும் வயிற்றில் 94 என்பதோடு இது பொருந்தவில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 200ஐத் தொட்டால்தான் சர்க்கரை நோய்.

அவருக்கு உண்மையில் இருக்கும் நோய் ரத்த சோகை, அதற்கு யாரும் வைத்தியம் தொடங்கவில்லை. மாதவிடாய் எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேளுங்கள். கர்ப்பப்பை ஸ்கேன், தைராய்டு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரை தினம் ஒன்று. காபி, டீ குடித்து ஒரு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும், எலுமிச்சைச் சாறோடு நல்லது. மலம் கறுக்கும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியும் மூன்று மாதம் தொடர வேண்டும். பீட்ரூட் சாப்பிட்டு இந்தக் குறைவு நிரம்பாது.

கேள்வி: பி.பி.க்கு ஆம்லோடிபின் போடுகிறேன். கணுக்கால் வீங்குகிறது. கிட்னி போய்விட்டதா? (நாகர்கோவில்)

பெரும்பாலும் மாத்திரையின் வேலைதான். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாற்றுவார். சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியாட்டினினும் ஒருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி.

கேள்வி: இரண்டு மாத நாய்க்குட்டி விளையாட்டாகக் கடித்ததில் மகளுக்கு லேசாக ரத்தம். நேற்று நடந்தது. குட்டிதானே, ஊசி வேண்டுமா? (சேலம்)

வேண்டும். குட்டிக்கும் ரேபிஸ் வரும், வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து இல்லை. இப்போதே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்: தோலில் போடுவது 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாட்கள், தசையில் என்றால் 14ஆம் நாளும் உண்டு. ரத்தம் வந்திருப்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸுக்கு எதிரான தயார் எதிர்ப்புப் பொருள்) போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். குட்டியைக் கட்டிவைத்து 10 நாள் கவனியுங்கள், ஆனால் அதுவரை ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு நாள் தாமதமானதால் பயனில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வாரம் கழித்து வந்தாலும் நாங்கள் ஊசி தொடங்கத்தான் செய்வோம்.