எழும்பூருக்கு லேட்டாக வந்த ரயில், சென்ட்ரலில் தவறிய ரயில்: ரயில்வேயிடம் இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: ராஜபாளையத்தில் இருந்து எழுதுகிறேன் சார். என் மகளுக்கு வாரங்கல் என்ஐடியில் இடம் கிடைத்தது. சேர்த்துவிட்டு வர நான், மனைவி, மகள் மூவரும் போன மாதம் கிளம்பினோம். ராத்திரி ரயில் காலை ஆறேகாலுக்கு எழும்பூர் வர வேண்டும். வாரங்கல் போகும் ரயில் சென்ட்ரலில் பத்தேகாலுக்கு. நாலு மணி நேரம் இருக்கிறதே என்று நம்பிப் போனோம். எழும்பூரில் இறங்கும்போது மணி பத்து ஐம்பது. சென்ட்ரல் கவுன்டரில் கேட்டால், "உங்கள் ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது, பணம் வராது. எழும்பூர் வேறு, சென்ட்ரல் வேறு, இரண்டும் தனித்தனி டிக்கெட்" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை கல்லூரியில் இருந்தே ஆக வேண்டும். ஹைதராபாத்துக்கு விமானம், அங்கிருந்து வாரங்கல்லுக்குக் கார். மொத்தம் 34,000 ரூபாய் கையை விட்டுப் போனது. அண்ணன் மகன் ஆன்லைனில் டிடிஆர் (பயணம் செய்யாத டிக்கெட்டுக்குப் பணம் கேட்கும் மனு) போட்டான், அதையும் நிராகரித்துவிட்டார்கள். இதற்கு வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு விஷயமல்ல, இரண்டு. தவறிய ரயிலின் டிக்கெட் பணம் ஒன்று, லேட்டால் கையில் இருந்து செலவான 34,000 ரூபாய் இன்னொன்று. இரண்டுக்கும் சட்டம் வேறு, போக வேண்டிய இடமும் வேறு. நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்த வரையில் டிக்கெட் பணம் திரும்பி வருவது கடினம். பெரிய தொகைக்கான வழக்குதான் உங்களுக்குப் பலமாக இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கவுன்டரில் ரீஃபண்ட் இல்லை என்று சொன்னதும் எல்லாமே முடிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட் பணம். முதல் ரயில் லேட்டாகி அடுத்த ரயில் தவறினால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணத்தைப் பிடித்தம் இல்லாமல் திருப்பித் தர வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் ரீஃபண்ட் விதிகளிலேயே இருக்கிறது. தனித்தனியாகப் போட்ட இரண்டு டிக்கெட்டுக்கும் இந்தச் சலுகை கிடைக்கும்படி, இரண்டு பிஎன்ஆர்களை (டிக்கெட்டின் முன்பதிவு எண்களை) இணைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2019 ஏப்ரல் 1 முதல் வந்தது. இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் பெயர், வயது, பாலினம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயிலில் இறங்கும் ஸ்டேஷனும் அடுத்த ரயிலில் ஏறும் ஸ்டேஷனும் ஒன்றாகவோ, ரயில்வே கணக்கில் ஒரே ஊர்த் தொகுப்பில் உள்ளவையாகவோ இருக்க வேண்டும். முக்கியமாக, பிஎன்ஆர்களை முன்கூட்டியே இணைத்திருக்க வேண்டும்.

உங்கள் டிக்கெட்டுகளில் இந்த இணைப்பு இல்லை. ஒன்றை பிரவுசிங் சென்டரிலும் இன்னொன்றை அண்ணன் மகன் போனிலும் போட்டிருக்கிறீர்கள். அதோடு, முதல் டிக்கெட்டில் உங்கள் மனைவி பெயருக்கு முன்னால் இனிஷியல், இரண்டாவதில் பின்னால்! நமக்கு இரண்டும் ஒரே பெயர்தான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு ஆள், இணைக்கப் போயிருந்தாலும் அங்கேயே மாட்டியிருக்கும். டிடிஆரிலும் ஒரு சிக்கல். "ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணம் செய்யவில்லை" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் உங்கள் அண்ணன் மகன். அந்தக் காரணம், நாம் ஏற வேண்டிய ரயிலே லேட்டானால் சொல்ல வேண்டியது. வாரங்கல் ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியதால் பார்த்தவுடன் நிராகரித்துவிட்டார்கள். இதை எதிர்த்து, ரயில்வேயிடம் பணம் கேட்கும் வழக்குகளை விசாரிக்கும் ரயில்வே கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனலுக்குப் போகலாம், சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது, கட்டணம் செலுத்திய நாளில் இருந்து மூன்று ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனால் மூன்று பேரின் டிக்கெட் பணத்துக்காக இணைப்பு இல்லாத பிஎன்ஆரோடு அங்கே போய் நிற்க நான் சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது பெரிய தொகைக்கு வருவோம். காசு வாங்கிக்கொண்டு ரயிலில் கூட்டிப் போவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. காரணம் சொல்ல முடியாத தாமதம் சேவைக் குறைபாடு. இதற்கு உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் 2021 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எம்.ஆர்.ஷா, அனிருத்தா போஸ் அமர்வு கொடுத்த தீர்ப்பு. அந்த வழக்கில் ஒரு குடும்பம் அஜ்மீர் - ஜம்மு ரயிலில் போகிறது. காலை எட்டு மணி வாக்கில் ஜம்மு சேர வேண்டிய ரயில் பகல் பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீநகர் விமானம், அது போய்விட்டது. டாக்ஸி பிடித்து 15,000 ரூபாய் கொடுத்து ஸ்ரீநகர் போனார்கள். டால் ஏரியில் படகுக்குக் கட்டிய பணமும் வீணானது. அல்வார் மாவட்ட நுகர்வோர் மன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மாநில ஆணையம், தேசிய ஆணையம், உச்ச நீதிமன்றம் என்று ரயில்வே ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தும் அந்த உத்தரவு நிலைத்து நின்றது.

ரயில்வே அங்கே வைத்த வாதத்தைக் கவனியுங்கள், உங்கள் வழக்கிலும் அதேதான் வரும். கோச்சிங் டாரிஃப் (ரயில்வேயின் பயணிகள் கட்டண விதித் தொகுப்பு) விதி 114, 115 என்று எடுத்துக் காட்டுவார்கள்: ரயில் குறித்த நேரத்துக்கு வரும் என்று நாங்கள் உத்தரவாதம் தரவில்லை, லேட்டால் வரும் நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. தாமதத்துக்கு என்ன காரணம், அது தங்கள் கட்டுப்பாட்டை மீறியதா, அதற்கு நியாயம் இருக்கிறதா என்று ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டியது ரயில்வே. நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும். பயணிகள் அடுத்த பயணத்துக்கும் டிக்கெட் எடுத்திருக்கக் கூடும், ஒவ்வொருவரின் நேரமும் மதிப்புள்ளது என்பதையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. இணைப்பு ரயிலைத் தவறவிட்டு அல்லாடுகிற எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தத் தீர்ப்பு இருப்பதே தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. ஆலப்புழை - சென்னை ரயில் 13 மணி நேரம் லேட்டானதற்காக, 2023-இல் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் தெற்கு ரயில்வேயை ஒரு பயணிக்கு 60,000 ரூபாய் தரச் சொன்னது. யார்டு வேலை நடக்கப் போவது ரயில்வேக்கு முன்னாடியே தெரிந்திருந்தும் பயணிகளுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்பதுதான் அங்கே திருப்பமாக அமைந்தது.

இனி கவுன்டரில் சொன்ன "எழும்பூர் வேறு, சென்ட்ரல் வேறு" விஷயம். கேட்கப் பெரிய வாதம் போலத் தெரியும். உங்கள் வழக்கில் அது நிற்காது. உங்கள் ரயில் எழும்பூரில் நின்ற நேரம் பத்து ஐம்பது, வாரங்கல் ரயில் கிளம்பியது பத்தேகால். அந்த ரயில் எழும்பூரிலேயே பக்கத்து பிளாட்பாரத்தில் நின்றிருந்தாலும் உங்களுக்குத் தவறித்தான் இருக்கும். ஆகவே ஸ்டேஷன் மாறியதால் வந்த நஷ்டம் என்று சொல்லவே முடியாது, முழுக்க முழுக்க தாமதத்தால் வந்தது. மனுவில் இந்த இரண்டு நேரத்தையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதுங்கள். ஒருவேளை உங்கள் ரயில் ஒன்பதே முக்காலுக்கு வந்து, ஆட்டோ கிடைக்காமலோ பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலிலோ மாட்டித் தவறவிட்டிருந்தால் நானே வேறு பதில் சொல்லியிருப்பேன், ஏனென்றால் ஊருக்குள் ஒரு ஸ்டேஷனில் இருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வது பயணியின் பொறுப்பு. அதற்கும் நீங்கள் போதிய நேரம் விட்டிருந்தீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். எழும்பூரில் இருந்து சென்ட்ரல் மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன். புறநகர் ரயிலில் வந்தாலும் பார்க் ஸ்டேஷனில் இறங்கி சப்வே வழியாக எதிர்ப்பக்கம் போனால் சென்ட்ரல். இதற்கு நாலு மணி நேர இடைவெளி விட்ட ஒருவரை அஜாக்கிரதை என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்குக் கவலை தருவது வேறு ஒரு கேள்வி. வாரங்கல் வழியாக டெல்லிப் பக்கம் போகும் ரயில்கள் அன்று இரவும் இருந்தனவே, ஏன் விமானத்துக்கு இவ்வளவு செலவு செய்தீர்கள் என்று ரயில்வே வக்கீல் கட்டாயம் கேட்பார். நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்தீர்களா என்று ஆணையமும் பார்க்கும். தட்கல் முந்தைய நாளே திறந்து முடிந்துவிடும், அன்றைக்கு மிஞ்சுவது, காலியாக உள்ள இடங்களைக் கடைசி நேரத்தில் தரும் கரண்ட் புக்கிங் மட்டும்தான். வெயிட்டிங் லிஸ்ட் இ-டிக்கெட்டோடு ரிசர்வ் பெட்டியில் ஏற முடியாது. அன்று போனில் தேடியபோது எல்லாமே வெயிட்டிங் லிஸ்ட் காட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் ஸ்கிரீன்ஷாட்டை வீட்டில் யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் பிரமாணப் பத்திரத்தில் அதைச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை நேரில் வர வேண்டும் என்று கல்லூரி அனுப்பிய கடிதத்தையும் சேர்த்து வையுங்கள், அவசரம் எவ்வளவு என்பதை அது ஒன்றே சொல்லிவிடும்.

வழக்குக்கு முன்னால் ஓர் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். மத்திய அரசின் ஆர்டிஐ தளத்திலேயே போடலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "என் ரயில் ஏன் லேட்" என்று பொதுவாகக் கேட்டால் "இயக்கக் காரணங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ரயில் எண்ணையும் தேதியையும் கொடுத்து, எந்த எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்தப் பகுதியில் எத்தனை நிமிடம் இழந்தது, ஒவ்வோர் இழப்புக்கும் கட்டுப்பாட்டு அறைப் பதிவில் உள்ள காரணம் என்ன, தண்டவாள வேலை என்றால் அதற்கு எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தார்கள், பயணிகளுக்கு எப்படித் தெரிவித்தார்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். மதுரை, திருச்சி, சென்னை மூன்று கோட்டங்கள் வழியாக வந்த ரயில் என்பதால் மூன்று இடத்துக்கும் தனித்தனியாகப் போடுவது நல்லது. மழை வெள்ளம், மறியல், யாரோ சங்கிலியை இழுத்தது என்று பதில் வந்தால் உங்கள் வழக்கு அந்த அளவுக்குப் பலவீனமாகும், அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதான். திட்டமிட்ட பராமரிப்பு வேலை என்று வந்தால் எர்ணாகுளம் உத்தரவு உங்களுக்குப் பக்கபலம்.

அப்புறம் நோட்டீஸ். தெற்கு ரயில்வே பொது மேலாளர், சென்னை என்று ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி பத்திரம். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம். நீங்கள் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு மனுதாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம், அதாவது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள விருதுநகர் மாவட்ட ஆணையம். நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

மனுவில் "ரீஃபண்ட்" என்ற கோரிக்கையை முன்னால் வைக்காதீர்கள். கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது ட்ரிப்யூனலின் அதிகாரம், நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று முதல் நாளே ஆட்சேபம் எழுப்புவார்கள், அதிலேயே பல வாய்தா போய்விடும். தாமதம் என்ற சேவைக் குறைபாடு, அதனால் ஏற்பட்ட செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று மட்டும் கேளுங்கள். தொகையிலும் நிதானம் வேண்டும். விமான டிக்கெட், கார் ரசீது இரண்டுக்கும் காகிதம் இருக்கிறது, அதை ரூபாய் குறையாமல் கேளுங்கள். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள், உச்ச நீதிமன்றம் வரை போன அந்த ஜம்மு வழக்கிலேயே மன உளைச்சலுக்குக் கிடைத்தது சில ஆயிரம்தான்.

கார் ஓட்டுநர் கொடுத்த ரசீதில் தேதி இல்லை என்பதைக் கவனித்தேன். ஜிபேயில் பணம் அனுப்பியதாகச் சொல்கிறீர்களே, அந்தப் பரிவர்த்தனை வரும் வங்கிக் கணக்குப் பக்கத்தை எடுத்து ரசீதோடு இணையுங்கள்.

தீபாவளிக்கு மகள் ஊருக்கு வருவாள். அப்போது இறங்குவது சென்ட்ரல், ஏறுவது எழும்பூர். இரண்டு டிக்கெட்டையும் ஒரே ஐடியில் போட்டு, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி கொடுத்து, ஐஆர்சிடிசி தளத்திலேயே பிஎன்ஆர்களை இணைத்துவிடுங்கள், இணைப்பு பதிவாகியிருக்கிறதா என்று டிக்கெட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். வரும் ரயில் லேட்டாகி எழும்பூர் ரயில் தவறினால், சென்ட்ரலில் இறங்கிய மூன்று மணி நேரத்துக்குள் டிடிஆர் போட வேண்டும், காரணம் இணைப்பு ரயில் தவறியது என்று இருக்க வேண்டும். ஆர்டிஐ பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், நோட்டீஸை அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.