எல்.இ.டி. மாஸ்க் போட்டு மங்கு கருத்துவிட்டது: நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: பருவைப் போக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட எல்.இ.டி. மாஸ்க் (முகத்தில் ஒளி பாய்ச்சும் முகமூடிக் கருவி) ஒன்றை இணைய விற்பனைத் தளத்தில் ரூ.11,500 கொடுத்து வாங்கினேன். ‘தோல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது, பக்கவிளைவே கிடையாது’ என்று சமூக ஊடகப் பிரபலம் ஒருவர் பேசிய காணொளியை நம்பித்தான் வாங்கினேன். அப்போது பருவுக்காக டாக்சிசைக்ளின் மாத்திரையும் சாப்பிட்டுவந்தேன். மூன்று வாரத்தில் கன்னத்தில் லேசாக இருந்த மங்கு நன்றாகக் கருத்துவிட்டது, கண்ணும் கூசுகிறது. பெட்டியில் எந்த எச்சரிக்கையும் இல்லை. தயாரிப்பாளர் சீன நிறுவனம். ‘பிரித்துப் பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்’ என்கிறார் விற்பனையாளர். ‘நாங்கள் இடைநிலையாளர் மட்டுமே’ என்கிறது தளம். நான் என்ன செய்யலாம்? – வாசகி, மதுரை.

பதில்: உங்களுக்கு இரண்டு தனித்தனி உரிமைகள் உள்ளன, அவற்றைக் குழப்பிக்கொள்ளாமல் கோர வேண்டும். ஒன்று, கொடுத்த விலையைத் திரும்பப் பெறுவது. மற்றொன்று, உடலுக்கு நேர்ந்த பாதிப்புக்கு இழப்பீடு பெறுவது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘பொருள் பொறுப்பு’ (குறைபாடுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு அதைத் தயாரித்தவரும் விற்றவரும் ஏற்க வேண்டிய பொறுப்பு) என்ற தலைப்பில் பேசும் ‘தீங்கு’ என்பதில் உடல் பாதிப்பும் அதனால் உண்டான மன உளைச்சலும் அடங்கும். பொருளின் விலை அடங்காது. எனவே, விலையைக் குறைபாடுள்ள பொருள், நேர்மையற்ற வணிக நடைமுறை ஆகியவற்றின்கீழும், இழப்பீட்டைப் பொருள் பொறுப்பின்கீழும் ஒரே மனுவில் கேளுங்கள்.

விலை பற்றிய வாதம் எளிது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையே இச்சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பிரித்துப் பயன்படுத்தாமல் குறை தெரியவராத ஒரு பொருளுக்கு, பிரித்ததையே காரணம் காட்டி மறுப்பது எடுபடாது.

இழப்பீட்டுக்கு வருவோம். சரியாகப் பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ போதிய அளவில் தராத தயாரிப்பாளர் 84ஆம் பிரிவின்படி பொறுப்பாவார். தயாரிப்பாளர் சீனாவில் இருப்பது உங்களுக்குத் தடையல்ல. அவரிடம் வழக்கு அறிவிப்பை முறைப்படி சேர்ப்பிக்க இயலாவிட்டாலோ, உத்தரவை அவர்மீது நிறைவேற்ற முடியாவிட்டாலோ, அந்தப் பொறுப்பு விற்பனையாளரைச் சேரும் என்று 86ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே வலுவாக மாட்டிக்கொண்டிருப்பவர் விற்பனையாளர்தான் என்பது என் கருத்து.

ஆனால், வழக்கின் கடினமான பகுதி சட்டம் அல்ல, காரணத்தை நிரூபிப்பது. மங்கு வெயிலாலும், ஹார்மோன் மாற்றத்தாலும் கருக்கும் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். இத்தகைய மாஸ்க்குகளில் பருவுக்கான நீல ஒளி பெரும்பாலும் 415 நானோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக நீலப்பகுதி, நம் போன்ற மாநிறத் தோலில் நிறமியைக் கூட்டக்கூடும் என்பது தோல் மருத்துவர்கள் அறிந்தது. டாக்சிசைக்ளின் ஒளிக்கூச்சத்தை, அதாவது ஒளி பட்டால் எளிதில் பாதிப்படையும் தன்மையை, உண்டாக்கும் மருந்து என்பதும் அப்படியே. 2019 ஜூலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தனது நியூட்ரோஜீனா ஒளிச் சிகிச்சை மாஸ்க்கைத் திரும்பப் பெற்றபோது, சில கண் கோளாறுகள் உள்ளவர்களுக்கும், கண்ணின் ஒளிக்கூச்சத்தைக் கூட்டும் மருந்து உட்கொள்பவர்களுக்கும் கண் பாதிப்பு நேரக் கோட்பாட்டளவில் வாய்ப்புண்டு என்பதே காரணமாகக் கூறப்பட்டது. உங்கள் கண்ணுக்கு மாஸ்க்கால்தான் கேடு வந்தது என்பதற்கு இது சான்றாகாது. எனினும், இத்தகைய ஆபத்து தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, ஆகவே எச்சரிக்கை தராதது மன்னிக்கத்தக்கதல்ல என்று வாதிட இது பயன்படும். உங்கள் தோல் மருத்துவரிடமும், தனியே ஒரு கண் மருத்துவரிடமும், பாதிப்பின் தன்மையையும் அவர்கள் கருதும் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது: அந்த மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தாரா, அல்லது மருந்துக்கடையில் கேட்டு வாங்கினீர்களா? மருத்துவர் பரிந்துரைக்காமல் எடுத்துக்கொண்ட மருந்தின் தாக்கத்தில் இருந்தபடி பொருளைப் பயன்படுத்தியிருந்தால், எச்சரிக்கை தராததற்காகத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்ற விலக்கு 87ஆம் பிரிவில் உள்ளது. எனவே மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சீட்டு இல்லையென்றால், அதை உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

‘பரிசோதித்துப் பார்க்கிறோம், அனுப்பிவையுங்கள்’ என்று விற்பனையாளர் கேட்டாலும் மாஸ்க்கைக் கொடுத்துவிடாதீர்கள். அதுவே உங்கள் சாட்சியம். ஆய்வு தேவைப்பட்டால், வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பும். பெட்டி, அதனுள் இருந்த தாள், ரசீது, தேதியுள்ள முகப் படங்கள், அந்தக் காணொளி, பொருளின் விற்பனைப் பக்கம் அனைத்தையும் இன்றே பதிவு செய்துகொள்ளுங்கள். விளம்பரங்கள் ஓர் அறிவிப்புக் கடிதம் போன கையோடு மறைந்துபோவதுதான் வழக்கம்.

தளத்தின் பதில் பாதி மட்டுமே சரி. அது வெறும் இடைநிலையாளர் என்று நிலைநாட்டினால் இழப்பீட்டிலிருந்து தப்பக்கூடும். ஆனால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, நீங்கள் எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் முகவரி உள்ளிட்ட விவரங்களைத் தந்தாக வேண்டும். அதன் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். முதலில் அந்தக் கடிதத்தை அனுப்புங்கள். வழக்கில் தளத்தையும் ஓர் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது நல்லது.

காணொளியில் பேசியவர்மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யலாம். மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. உண்மையை உரியவாறு விசாரித்த பிறகே பேசினேன் என்று நிரூபித்தால் அவர் தப்பலாம். அபராதம் விதிக்கப்பட்டாலும் அந்தப் பணம் உங்களுக்கு வராது. நோயைக் குணப்படுத்தும் என்று விற்கப்படும் கருவிகள் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகளுக்கான சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதால், இறக்குமதி உரிமம் உண்டா என்று கேட்டு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ஒரு மனு அனுப்பலாம். ‘இது வெறும் அழகு சாதனம்’ என்று அவர்கள் பதில் சொன்னால், பருவைப் போக்கும் என்ற விளம்பரத்தையே காட்டுங்கள்.

விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மதுரையின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைப்பது கட்டாயமல்ல. வழக்குக்கு வழி பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து பாருங்கள். விலையைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு.

அப்படி விற்பனையாளரோ தளமோ ரூ.11,500-ஐத் தர முன்வந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வாசகம் உள்ள எதிலும் கையெழுத்திடவோ, இணையப் படிவத்தில் ஒப்புதல் தரவோ வேண்டாம். ‘பொருளின் விலை மட்டும் பெற்றுக்கொண்டேன், உடல் பாதிப்புக்கான உரிமை நீடிக்கிறது’ என்று அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.